சன்னதுக்குப் பின் ஓதும் பாடம்

மதரஸாவில் கிதாபுகளை ஓதி முடித்த மாணவருக்குப் பட்டமளிப்பு நாளன்று நாம் வழங்குவது 'ஸனது'. நீதிமன்றத்தில் வழக்காடும் உரிமை பெற்றவரின் அனுமதிச் சீட்டை நம் முன்னோர் 'வக்கீல் சன்னது' என்று வழங்கினர். இரண்டும் ஒரே அரபுச் சொல். வக்கீல், வக்காலத்து, ஜாமீன், ஜப்தி, ரத்து, அசல், நகல் எனத் தமிழ்நாட்டு நீதிமன்ற வாசலில் அன்றாடம் ஒலிக்கும் சொற்கள் பலவும் அவ்வழியே வந்தவைதாம். 'ஸனது' என்பதன் வேர்ப்பொருள் சாய்ந்துகொள்ளத் தக்க ஆதாரம் என்பதாகும். ஒருவர் ஸனது பெற்றார் எனின், பிறர் அவர்மீது சாயலாம் என்பது பொருள்.

அவ்வாறாயின் ஒரு கேள்வி எழுகின்றது. இருபத்தைந்து வயதில் பெற்ற ஸனது அறுபது வயது வரை அந்தச் சுமையைத் தாங்குமா? கற்ற சட்டம் மாறிவிட்ட பின்னும் அதைக் கற்றவர்மீது மக்கள் சாயலாமா? இங்கிலாந்தின் சாலிசிட்டர்கள் இக்கேள்விக்கு விடை காண ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டனர். அவ்வரலாற்றை இங்கே சுருக்கமாக நோக்குவோம்.

மூன்று வாசல்கள்

இங்கிலாந்தில் வழக்கறிஞர் இரு வகையினர் என்பதை வாசகர் அறிவர். உயர்மன்றங்களில் எழுந்து நின்று வாதிடுபவர் பாரிஸ்டர். கட்சிக்காரரை நேரில் சந்தித்து, பத்திரம் எழுதி, வழக்கை உருவாக்கித் தருபவர் சாலிசிட்டர். ஆனால் சாலிசிட்டர் என்ற ஒரே பெயர் பிற்காலத்தில் அமைந்ததாகும். முற்காலத்தில் மூன்று வாசல்கள் இருந்தன. பொதுச் சட்ட மன்றங்களில் பணி புரிந்தவர் அட்டர்னி எனப்பட்டார். சான்சரி என்னும் சமநீதி மன்றத்தில் பணி புரிந்தவர் சாலிசிட்டர். திருச்சபை மன்றங்களில் பணி புரிந்தவர் பிராக்டர்.

இப்பிரிவினை பெயரளவில் நிற்கவில்லை; கல்வியையும் பிரித்தது. கடன், நிலம், ஒப்பந்தம் ஆகிய சிவில் காரியங்கள் ஒரு புறம் கற்கப்பட்டன. திருமணம், பிரிவு, மரண சாசனம் ஆகிய குடும்பக் காரியங்களோ திருச்சபைச் சட்டமும் ரோமானியச் சட்டமும் கற்றோர் கையில் இருந்தன. இலண்டனில் 'டாக்டர்ஸ் காமன்ஸ்' என்னும் வளாகமே அவர்தம் கோட்டை. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் இளமையில் ஓர் அட்டர்னி அலுவலகத்தில் எழுத்தராயிருந்தவர். பின்னர் டாக்டர்ஸ் காமன்ஸில் சுருக்கெழுத்தாளராய்ப் பணி புரிந்தவர். தம் 'டேவிட் காப்பர்ஃபீல்டு' நாவலின் நாயகனை அவ்வளாகத்துப் பிராக்டர் ஒருவரிடம் தொழில் பயில அனுப்பி, அங்கே நிலவிய சோம்பலையும் பொருளாசையையும் அவர் நகையாடியது கண்ணால் கண்ட அனுபவத்தினாலாகும்.

விடுதிகளில் வளர்ந்த கல்வி

சட்டக் கல்வியின் தொட்டில், பல்கலைக் கழகமன்று; விடுதிகள். லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் ஆகிய நான்கு பெருவிடுதிகளில் மாணவரும் மூத்தவரும் ஒன்றாய் உண்டு உறைந்தனர். மூத்த வழக்கறிஞர் ஒருவர் 'வாசிப்பாளர்' என அமர்ந்து ஒரு சட்டத்தை எடுத்து வரிவரியாய் விளக்குவார். மற்றவர் தடை எழுப்புவர். அவர் விடை கூறுவார். கற்பனை வழக்கொன்றை அமைத்து இரு பக்கமும் வாதிடும் பயிற்சியும் உண்டு. இவற்றினும் சிறிய சான்சரி விடுதிகளும் இருந்தன. 15ஆம் நூற்றாண்டில் நீதிபதி ஃபோர்டெஸ்கியூ இலத்தீனில் எழுதிய நூல், அத்தகைய சிறுவிடுதிகள் பத்து இருந்தன எனக் குறிக்கின்றது.

இதைப் படிக்கையில் நமக்கு நம் மதரஸாக்கள் நினைவுக்கு வருவது இயல்பே. கிதாபை நடுவில் வைத்து, உஸ்தாது வாசிக்க, மாணவர் ஐயம் எழுப்ப, 'முனாளரா' என்னும் தருக்கம் நிகழும் அவைகள் அவை. ஜார்ஜ் மக்திஸி என்னும் அறிஞர் 1981இல் வெளியிட்ட நூலில் இடைக்கால மதரஸாக்களையும் ஐரோப்பியக் கல்லூரிகளையும் ஒப்பிட்டார். 1985இல் எழுதிய கட்டுரையில், இங்கிலாந்தின் சட்ட விடுதிகள் நம் மத்ஹபுகளின் சட்டக் கழகங்களைப் பின்பற்றி எழுந்தவையோ என்ற வினாவையும் எழுப்பினார். வரலாற்றறிஞர் அனைவரும் இதனை ஏற்கவில்லை. ஒப்புமை இருப்பதனாலேயே ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது எனத் துணிந்துரைப்பதற்கு ஆவணம் வேண்டும். ஸனது அறுந்த செய்தியைப் பெருமைக்காக ஏற்றுக்கொள்வது ஹதீஸ் கலை பயின்றோர்க்கு அழகன்று. எனவே ஒப்புமையை ஒப்புமையாகவே வைத்துக்கொள்வோம்.

16ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அட்டர்னிகளைப் பெருவிடுதிகள் படிப்படியாக வெளியேற்றின. 17ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போருக்குப் பின் வாசிப்புகளும் மங்கி மறைந்தன. விருந்துண்ணும் கடமை மட்டும் எஞ்சியது. கல்வி போய்ச் சோறு நின்றது எனலாம்.

எழுத்தர் மேசையில் ஐந்து ஆண்டுகள்

வெளியேற்றப்பட்ட அட்டர்னிகளுக்கும் சாலிசிட்டர்களுக்கும் முதன்முதலாக ஓர் ஒழுங்கைத் தந்தது 1729ஆம் ஆண்டுச் சட்டமாகும். மூத்தவர் ஒருவரிடம் ஒப்பந்தம் எழுதி ஐந்தாண்டுகள் எழுத்தராய்ப் பயில வேண்டும். நீதிபதி சோதித்துத் தகுதி கண்ட பின் உறுதிமொழி எடுத்துப் பதிவு பெற வேண்டும். சட்டத்தின் நோக்கம் நன்று. ஆனால் நடைமுறையில் சோதனை பெயரளவாயிற்று. ஐந்தாண்டுப் பயிற்சி படியெடுக்கும் வேலையாயிற்று. நல்ல ஆசானிடம் சேர்ந்தவன் கற்றான். மற்றவன் கையெழுத்து மட்டும் அழகாக எழுதத் தேர்ந்தான்.

1825இல் இலண்டன் சாலிசிட்டர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தனர். 1831இல் அதற்கு அரச பட்டயம் கிடைத்தது. சான்சரி லேன் என்னும் தெருவில் இன்றும் நிற்கும் சட்டச் சங்கம் இதுவே. 1833இல் அங்கே சட்டச் சொற்பொழிவுகள் தொடங்கின. 1836இல் எழுத்துத் தேர்வு வந்தது. ஆயினும் 1846இல் சட்டக் கல்வி பற்றி ஆராய்ந்த பாராளுமன்றக் குழு, கல்வி எனச் சொல்லத்தக்க சட்டக் கல்வி இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் இல்லை என்றே முடிவு கூறிற்று. ஒரு நாடு தன் குறையைத் தானே எழுதி வைத்தது போற்றத்தக்கது. 1860இல் தொடக்கத் தேர்வு, இடைநிலைத் தேர்வு, இறுதித் தேர்வு என மூன்று படிகள் அமைந்தன. 1875இல் நீதிமன்றங்கள் ஒன்றாக்கப்பட்டபோது அட்டர்னி, பிராக்டர் என்ற பெயர்கள் நீங்கி எல்லோரும் சாலிசிட்டர் ஆயினர். 1903இல் சட்டச் சங்கம் தன் சொந்தப் பள்ளியை நிறுவிற்று. 1922ஆம் ஆண்டுச் சட்டம், பல்கலைக் கழகப் பட்டம் இல்லாதோர் ஓராண்டேனும் சட்டப் பள்ளியில் பயில வேண்டும் என்று விதித்தது. அதே 1922ஆம் ஆண்டின் இறுதியில்தான் கேரி மாரிசன் என்னும் அம்மையார் முதல் பெண் சாலிசிட்டராகப் பதிவு பெற்றார். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1913இல், பெண் என்ற காரணத்தால் ஒருவருக்குத் தேர்வெழுதும் வாய்ப்பையே நீதிமன்றம் மறுத்திருந்தது.

குடும்பச் சட்டம் சாலிசிட்டர் மேசைக்கு வந்த கதை

1857க்கு முன் இங்கிலாந்தில் முழு மணவிலக்குப் பெறப் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டும். அதற்கு முன்பாகப் பொதுச் சட்ட மன்றத்தில் ஒரு வழக்கு, திருச்சபை மன்றத்தில் ஒரு வழக்கு. இவ்வழியே விடுதலை பெற்ற பெண்கள் நால்வர் மட்டுமே என்றால், அது யாருக்கான வழி என்பது விளங்கும். 1857ஆம் ஆண்டுச் சட்டம் இக்காரியத்தைத் திருச்சபையிடமிருந்து எடுத்துப் பொது நீதிமன்றத்தில் வைத்தது. டாக்டர்ஸ் காமன்ஸ் கலைந்து, 1867இல் அதன் கட்டடமும் இடிக்கப்பட்டது. எனினும் கணவன், மனைவியின் ஒழுக்கக்கேட்டை மட்டும் காட்டினால் போதும். மனைவியோ அதனுடன் கொடுமை போன்ற வேறொரு குற்றத்தையும் நிறுவ வேண்டும் என்ற ஏற்றத்தாழ்வு 1923 வரை நீடித்தது. 1937இல் கொடுமையும் கைவிடலும் குணமாகாப் பித்தும் தனிக் காரணங்களாயின. 1969இல் இயற்றப்பட்டு 1971 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், மணவாழ்வு மீளமுடியாதவாறு முறிந்ததே காரணம் என்றது.

இதற்கிடையில் இரு மாற்றங்கள் சாலிசிட்டரின் மேசையை நிறைத்தன. 1949ஆம் ஆண்டின் சட்ட உதவித் திட்டம் ஏழைகளையும் வழக்கறிஞரிடம் கொண்டுவந்தது. 1967ஆம் ஆண்டுச் சட்டம், எதிர்ப்பில்லாத மணவிலக்கு வழக்குகளை வட்டார நீதிமன்றங்களுக்கு மாற்றியது; அங்கே சாலிசிட்டரே எழுந்து பேசலாம். நேற்றுவரை பத்திரமும் விற்பனையும் பார்த்திருந்தவர் முன், இன்று கண்ணீரோடு ஒரு தாய் வந்து அமர்ந்தாள். அவளுக்குச் சொல்ல வேண்டியதை அவர் எந்தப் பள்ளியில் கற்றார்?

1971இல் நீதிபதி ஆர்ம்ரோடு தலைமையில் அமைந்த குழு இக்கேள்விக்கு நெருங்கிய விடையைத் தந்தது. மருத்துவமும் கற்ற வழக்கறிஞராயிருந்து, மணவழக்குகளைக் கேட்கும் நீதிபதியானவர் அவர். சட்டக் கல்வி மூன்று நிலையினது என்றது அக்குழு: ஏட்டுக் கல்வி, தொழிற் கல்வி, தொழிலில் நுழைந்த பின் தொடரும் கல்வி. மூன்றாவது நிலையே நாம் இங்குக் கூறவந்த பயிற்சிக் கருத்தரங்கு. 1982இல் குடும்பச் சட்ட சாலிசிட்டர்கள் தமக்கெனச் சங்கம் அமைத்துப் பகை வளர்க்காமல் வழக்கு நடத்தும் நெறிகளை வகுத்துக்கொண்டனர். 1985 முதல் புதிதாய்ப் பதிவு பெற்றோருக்கும், 1998 முதல் அனைவருக்கும் தொடர்கல்வி கட்டாயமாயிற்று. ஆண்டுக்குப் பதினாறு மணி நேரம் என்பது கணக்கு.

மாறும் சட்டம், மாறும் சொல்

ஏன் இத்துணைக் கட்டாயம்? சில சான்றுகளைப் பார்ப்போம்.

1979இல் இலண்டன் உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. மரண சாசனத்தில் சொத்துப் பெறும் ஒரு பெண்மணியின் கணவரே அதற்குச் சாட்சிக் கையெழுத்திட்டார். 1837ஆம் ஆண்டுச் சட்டப்படி அக்கொடை செல்லாது. எழுதித் தந்த சாலிசிட்டர் அதனை எச்சரிக்கவில்லை. அப்பெண்மணி அவருடைய கட்சிக்காரர் அல்லர். ஆயினும் அவருக்கு நேர்ந்த இழப்பைச் சாலிசிட்டரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அதாவது வக்கீலின் அறியாமைக்கு விலை கொடுப்பவர், அவர் முகமே காணாத ஒருவராயிருக்கலாம்.

1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் 1991 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பெற்றோரின் 'பொறுப்பு' என்ற சொல் முன்னே வந்தது. குழந்தையை யார் வைத்துக்கொள்வது, யார் வந்து பார்ப்பது என்ற உரிமைப் பேச்சு மாறி, குழந்தை எங்கே வாழும், யாரோடு தொடர்பு கொள்ளும் என்றாயிற்று. 2014இல் அச்சொற்களும் நீங்கி 'குழந்தை ஏற்பாட்டு ஆணை' என்ற ஒன்றே நின்றது. சிவில் துறையிலும் அவ்வாறே. உல்ஃப் பிரபுவின் அறிக்கைகளுக்குப் பின் 1999 ஏப்ரல் 26 முதல் புதிய சிவில் நடைமுறை விதிகள் வந்தன. வழக்குக்கு முன் கடிதம் எழுதிச் சமரசம் தேடுவதும், வழக்கின் பெறுமானத்துக்கு ஏற்பவே செலவிடுவதும் கடமையாயின. 'பிளெயின்டிஃப்' என்ற நெடுங்காலச் சொல்லே மறைந்தது. 2000 அக்டோபரில் பிரபுக்கள் சபை, மணவிலக்கில் சொத்தைப் பங்கிடும்போது பொருளீட்டியவரையும் இல்லம் காத்தவரையும் வேறுபடுத்தலாகாது என்றும், சமபங்கு என்ற அளவுகோலில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்றும் தீர்த்தது. அத்தீர்ப்பு வந்த மறுமாதம், அதனை அறியாத சாலிசிட்டரிடம் சென்ற ஒரு மனைவியின் நிலையை எண்ணிப் பாருங்கள்! 2022 ஏப்ரல் 6 முதல் யார்மீதும் குற்றம் சாட்டாமலே மணவிலக்குப் பெறலாம்.

இமாம் ஷாஃபியீ (ரஹ்) அவர்கள் இராக்கில் கூறியவை 'கவ்லுல் கதீம்'. எகிப்தில் தங்கிய பின் கூறியவை 'கவ்லுல் ஜதீத்'. சில மஸ்அலாக்கள் நீங்கலாகப் புதிய சொல்லே ஷாஃபியீ மத்ஹபின் சொல். பழைய கிதாபை மட்டும் ஓதியவர் இமாமின் பெயரால் இமாம் கைவிட்ட சொல்லைக் கூறிவிடக்கூடும். மனிதர் இயற்றும் சட்டத்தில் இவ்விபத்து ஆண்டுதோறும் நேரத்தக்கது.

வருகைப் பதிவேடும் உறக்கமும்

கருத்தரங்கு என்பது என்ன? ஒரு மண்டபத்தில் பாரிஸ்டரோ, அனுபவம் மிக்க சாலிசிட்டரோ, நீதிபதியோ உரை நிகழ்த்துவார். அண்மைத் தீர்ப்புகள் விளக்கப்படும். பெயர் மாற்றிய வழக்கொன்று கொடுக்கப்பட்டு, 'இவருக்கு என்ன ஆலோசனை கூறுவீர்?' என்று கேட்கப்படும். ஓய்வூதியத்தைப் பங்கிடும் முறை, மனு எழுதும் முறை, அச்சத்தோடு வரும் மனைவியிடம் பேசும் முறை ஆகியவை பயிலப்படும். 2020இன் பெருந்தொற்றுக்குப் பின் இவை பெரும்பாலும் கணினித் திரைக்கு மாறின.

ஆயின் மணிக்கணக்கு ஒரு குறையைப் பெற்றெடுத்தது. வருகையேட்டில் கையெழுத்திட்டுப் பின் வரிசையில் அமர்ந்தவர்க்கும் மூன்று மணி நேரம்; முன் வரிசையில் வினவிக் கற்றவர்க்கும் அதே மூன்று மணி நேரம். ஆண்டு முடிவில் மணி குறைந்தவர், தம் துறைக்குத் தொடர்பில்லாத பாடத்திலும் சென்று அமர்ந்தார். ஹதீஸ் அவைகளின் 'ஸமாஉ' பதிவுகளை அறிந்தோர்க்கு இது புதிதன்று. பழைய கையெழுத்துப் பிரதிகளின் ஓரத்தில் யார் யார் கேட்டனர் என்பதோடு, இன்னார் இடையில் வந்தார், இன்னார் பேசிக்கொண்டிருந்தார், இன்னார் உறங்கிவிட்டார் என்றும் குறித்து வைத்தனர் அக்காலத்தவர். வந்தமை வேறு, கேட்டமை வேறு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். இங்கிலாந்தின் ஒழுங்காணையமும் இதனை உணர்ந்து 2016 நவம்பர் முதல் மணிக்கணக்கைக் கைவிட்டது. தமக்கு எது தெரியவில்லை எனத் தாமே ஆராய்ந்து, அதனைக் கற்று, குறித்து வைக்க வேண்டும் என்பது புதிய முறை. இது உயர்ந்த முறையே. ஆனால் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ள விரும்புபவர்க்கு இதனினும் எளிய முறை இல்லை.

மேலும் 2021 செப்டம்பர் முதல் நடைபெறும் புதிய தகுதித் தேர்வில் ஒப்பந்தம், நிலம், மரண சாசனம், குற்றவியல் எல்லாம் உண்டு. குடும்பச் சட்டம் தனிப்பாடமாக இல்லை. ஆகவே அத்துறையைச் சன்னது பெற்ற பின்னரே கற்க வேண்டியவர் பலராவர். கருத்தரங்கு இங்கே கூடுதல் பாடம் அன்று, முதற்பாடமே அதுவாகிவிடுகின்றது. மறுபுறம் 2013 ஏப்ரலில் பெரும்பான்மைக் குடும்ப வழக்குகளுக்கு அரசின் சட்ட உதவி நிறுத்தப்பட்டது. சாய்வதற்கு ஆள் தேடும் ஏழைக்குத் தூணும் அருகிற்று.

ஓர் எழுத்து

இப்பொருள் நம்மவரையும் தொடுகின்றது. இங்கிலாந்தில் வாழும் முஸ்லிம்களில் சிலர் நிகாஹ் மட்டும் முடித்து, 1949ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் விதித்த பதிவை விட்டுவிடுகின்றனர். அத்தகைய ஒரு வழக்கில், அது செல்லாத திருமணம் என்றாவது கொள்ளத்தக்கது, எனவே மனைவி பரிகாரம் கேட்கலாம் என 2018இல் ஒரு நீதிபதி கூறினார். 2020 பிப்ரவரியில் மேல்முறையீட்டு மன்றம், சட்டத்தின் கண்ணில் அங்கே திருமணமே நிகழவில்லை என்றது. அதன் விளைவாகக் கணவன் பெயரிலுள்ள வீட்டில் மனைவி என்ற முறையில் பங்கு கேட்கும் வழி அடைபடுகின்றது. இதனை நிகாஹுக்கு முன்பே எடுத்துச் சொல்லும் சாலிசிட்டர் ஒரு குடும்பத்தைக் காக்கின்றார். சொல்லத் தெரியாத இமாமும் கற்க வேண்டியவரே.

மற்றொன்று மஹர். இந்தியாவில் நடந்த ஒரு நிகாஹின் தவணை மஹரை ஒப்பந்த உரிமையாக ஏற்று, 1964இலேயே இங்கிலாந்து நீதிமன்றம் வழிகாட்டியது. ஆனால் ஆவணத்தில் 'முஅஜ்ஜல்' என்று எழுதியிருந்தால் சாலிசிட்டர் என்ன செய்வார்? 'ஐன்' எழுத்தோடு எழுதினால் அது உடனே தர வேண்டிய மஹர். 'ஹம்ஸா'வோடு எழுதினால் தவணைக்குரிய மஹர். ஆங்கில எழுத்திலும் தமிழ் எழுத்திலும் இரண்டும் ஒன்றாகவே நிற்கும். எதிரெதிர்ப் பொருள், ஒரே தோற்றம். ஒரு பெண்ணின் உரிமை ஓர் அரபு எழுத்தில் தொங்குகின்றது. இதனை விளக்கச் சட்டம் அறிந்தவர் மட்டும் போதாது. கிதாபு ஓதியவரும் அவ்வவையில் அமர வேண்டும். சட்ட விடுதிக்கும் மதரஸாவுக்கும் பண்டைய உறவு இருந்ததோ இல்லையோ, இன்று இருக்க வேண்டிய உறவு இது.

வகுப்பில் நாம் 'மஹர்' பாடத்தை நடத்தும்போது இவ்விரு சொற்களையும் பலகையில் எழுதி, மாணவரைப் பலமுறை உச்சரிக்கச் செய்வதுண்டு. முன்பெல்லாம் அதனை உச்சரிப்புத் திருத்தமாகவே கருதினோம். இவ்வரலாற்றைப் படித்த பின் அவ்வாறு கருத முடியவில்லை. நாம் கொடுக்கும் ஸனதின்மேலும் எங்கோ ஒருவர் சாயப் போகின்றார். அவர் சாயும் நாளில் அது தாங்குமா என்பதை ஸனதின் தேதி சொல்லாது; அதற்குப் பின் நாம் ஓதிய பாடமே சொல்லும்.